பெயரைக் கடைசியில் கேளுங்கள்: உயிர்களைப் பார்த்து, பிரித்து, பெயர் சொல்லும் வழி

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை காலி வீதியில் தொடங்கி மரைன் டிரைவில் போய் முடிகிறது. தனியே நடந்தால் ஆறு நிமிடம். பேத்தியோடு நடந்தால் ஒன்றரை மணித்தியாலம். ஒவ்வொரு மதிலடியிலும் நின்றுவிடுவாள். “அம்மப்பா, இதுக்கு என்ன பெயர்?” அவள் இப்போது தரம் 6. பாடப் புத்தகத்தில் ‘அங்கிகள்’ என்ற சொல்லைக் கண்ட நாளிலிருந்து எனக்கு இந்தத் தொல்லை.

நான் ஆசிரியர் இல்லை. கொழும்பில் ஒரு பாடசாலையின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் முப்பத்தொரு வருடம் உதவியாளராக இருந்தவன். போத்தல் கழுவினேன், ஸ்பிரிட் ஊற்றினேன், மாதிரிகளுக்கு லேபல் எழுதினேன். ஆசிரியர்கள் மாற்றலாகி வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தார்கள். அலுமாரியில் இருந்த தவளையும் நட்சத்திர மீனும் நானும்தான் அசையாமல் இருந்தோம்.

அந்த அலுமாரிக்கு முன்னால் நின்று படித்தது ஒன்றுதான்: பெயரைக் கடைசியில் கேட்க வேண்டும். ‘காகம்’ என்று சொல்லி முடித்தவுடன் கண் ஓய்வெடுக்கப் போய்விடுகிறது. பெயர் தெரியாத வரைக்கும்தான் அது கழுத்தின் நிறத்தையும் அலகின் தடிப்பையும் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் பேத்திக்கு நான் வைத்த சட்டம்: முதலில் பார், பிறகு பிரி, அதற்குப் பிறகு பெயர். தேவையான சாமான் ஒரு கொப்பி, ஒரு பென்சில், கிடைத்தால் ஒரு கைவில்லை. பேனா வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது

பாடப் புத்தகம் ஏழு இயல்புகளைச் சொல்லும்: போசணை, சுவாசம், கழிவகற்றல், அசைவு, உறுத்துணர்ச்சி, வளர்ச்சி, இனப்பெருக்கம். பிள்ளைகள் இதை வாய்ப்பாடு மாதிரி ஒப்புவிப்பார்கள். ஒப்புவிப்பதால் ஒரு பிரயோசனமும் இல்லை. கொப்பியில் ஒரு அட்டவணை கீறுங்கள். மேலே ஏழு இயல்புகள், இடது பக்கம் பார்க்கப் போகும் பொருட்கள். முதல் வரியில் எங்கள் சந்தியில் நிற்கும் ஓட்டோவை எழுதுங்கள்.

ஓட்டோ அசைகிறது. பெற்றோல் குடிக்கிறது. ஒட்சிசனை எடுத்துக் காபனீரொட்சைட்டை விடுகிறது. புகை கக்குகிறது. பிரேக்கை மிதித்தால் உணர்ந்து நிற்கிறது, அதுவும் சில சமயம்தான். ஐந்து சரி போட்டாயிற்று. ஆனால் குட்டி ஓட்டோவாகப் பிறந்து வளர்ந்ததை எவரும் கண்டதில்லை, அது குட்டி போட்டதையும் கண்டதில்லை. அடுத்த வரியில் குத்துவிளக்குச் சுடரை எழுதினால் இன்னும் சிக்கல். அது வளரும், ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கொளுத்தலாம். அப்படியானால் எங்கே பிழைக்கிறது? சுடருக்குள் கலம் இல்லை. உயிர் என்று சொல்லப்படும் எல்லாமே கலங்களால் ஆனவை. ஒரே கலம் என்றாலும் கலம்தான். ஏழு இயல்புகளும் அந்தக் கலத்துக்குள் நடக்கும் வேலைகளின் வெளி அடையாளங்கள். ஆகவே ஏழில் ஐந்து எடுத்தால் சித்தி என்று கணக்குப் போடக்கூடாது.

மறுபக்கமும் ஒரு குழப்பம் வரும். என் சித்தப்பா கலியாணம் கட்டாமலே எண்பத்துநான்கு வயது வரை இருந்தார். இனப்பெருக்கப் பெட்டியில் புள்ளடி போட்டதற்காக அவரை உயிரற்ற பொருள் என்று எழுத முடியுமா? இனப்பெருக்கம் இனத்துக்குரிய இயல்பு, தனி ஆளுக்கு விதித்த கடமை இல்லை. இதைச் சொன்னபோது பேத்தி சிரித்தாள், மனைவி முறைத்தாள்.

வைரசு இந்த அட்டவணையில் வேலியில் உட்கார்ந்திருக்கும். அதற்குக் கலம் இல்லை. இன்னொன்றின் கலத்துக்குள் புகுந்தால்தான் பெருகும், வெளியே கிடந்தால் ஒன்றும் செய்யாது. ‘எல்லையில்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம்.

அசைவும் உறுத்துணர்ச்சியும் விலங்குகளுக்கு மட்டும் என்று நினைக்கிறவர்களை ரயில் பாதையோரம் கூட்டிக்கொண்டு போங்கள். தண்டவாளத்துக்குக் கிட்டப் போகாமல், ஓரப் புல்லில் தேடினால் தொட்டாச்சிணுங்கி கிடக்கும். விரல் பட்டவுடன் இலைகள் மடிந்து காம்பும் தொங்கிவிடும். திரும்ப விரிய எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். காலையிலும் மாலையிலும் எழுதிப் பாருங்கள், ஒரே அளவாக இருக்காது.

சுவாசத்தைக் குசினியிலேயே காட்டலாம். கடையில் வாங்கிய காய்ந்த பயறு உயிருள்ளதா? பார்த்தால் கல்லு மாதிரி. இரண்டு கைப்பிடி எடுத்து இரவு முழுக்க ஊறப் போடுங்கள். ஒரு கைப்பிடியை அப்படியே வைத்து, மற்றதை அவித்து ஆறவிடுங்கள். இரண்டையும் இரண்டு சுடுதண்ணிப் பிளாஸ்க்குகளில் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வெப்பமானியைச் செருகி, வாயைப் பஞ்சால் அடையுங்கள். ஒருநாள் கழித்துப் பார்த்தால் முளைக்கிற பயறு இருக்கும் பிளாஸ்க் மற்றதைவிடச் சூடாக இருக்கும். முளைக்கும் விதை சுவாசிக்கிறது, சுவாசித்தால் வெப்பம் வரும்.

இதில் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே பரிசோதனைக்கு அவித்த பயறை அப்படியே பிளாஸ்க்கில் போட்டு வைத்தேன். இரண்டாம் நாள் அதிலும் வெப்பமானி ஏறிவிட்டது. வகுப்பு முழுக்கப் பிள்ளைகள், முன்னால் ஆசிரியர், அவர் என்னைப் பார்க்கிறார். பஞ்சை இழுத்தேன். வந்த நாற்றம் விடையைச் சொன்னது. பயறு செத்திருந்தது, ஆனால் அதைத் தின்ன வந்த பற்றீரியாக்கள் நல்ல உயிரோடு இருந்து சுவாசித்துக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு அவித்த பயறைக் கிருமிநாசினியில் அலசிவிட்டுத்தான் போடுவேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

மீன் கடையில் ஒரு வகுப்பு

பாகுபாடு படிக்க மிருகக்காட்சிச்சாலை தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மீன் கடைப் பலகை போதும். அறக்குளா, திருக்கை, கணவாய், இறால், நண்டு, மட்டி. எங்கள் வாய்க்கு இவை எல்லாம் ஒரே ‘மச்சம்’. பலகையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. ஆனால் உறவுமுறை பார்த்தால், கணவாய்க்கும் அறக்குளாவுக்கும் இருக்கும் தூரத்தைவிட அறக்குளாவுக்கும் அதை வெட்டுகிற மனிதருக்கும் இருக்கும் தூரம் குறைவு. அவர் இரண்டையும் ஒரே கத்தியால் வெட்டுகிறார், அவ்வளவுதான். அவருக்கும் அறக்குளாவுக்கும் முள்ளந்தண்டு உண்டு. கணவாய்க்கு இல்லை, அது நத்தையின் சொந்தக்காரன், மொலஸ்கா என்ற மெல்லுடலிக் கூட்டம்.

எப்படிப் பிரிப்பது? ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, அதற்கு இரண்டே விடை. இதைத்தான் புத்தகத்தில் இணைக்கவர்ச் சுட்டி என்கிறார்கள். பேத்தி தன் கொப்பியில் எழுதியது இது:

1. உள்ளே முள்ளந்தண்டு உண்டு: 2க்குப் போ. இல்லை: 3க்குப் போ.
2. பூவை (மீன் சுவாசிக்கும் செவுளை) மூடிக்கொண்டு ஒரு மூடி உண்டு: அறக்குளா. மூடி இல்லை, பிளவுகள் வெளியே தெரிகின்றன: திருக்கை.
3. மூட்டு மூட்டாகக் கால்கள் உண்டு: 4க்குப் போ. இல்லை: 5க்குப் போ.
4. உடல் நீளம், வால் விசிறி மாதிரி: இறால். உடல் அகலம், வால் வயிற்றுக்கு அடியில் மடிந்திருக்கிறது: நண்டு.
5. வெளியே இரண்டு ஓடுகள்: மட்டி. வெளியே ஓடு இல்லை, வாயைச் சுற்றிக் கைகள்: கணவாய்.

ஆறு சாமானுக்கு ஐந்து கேள்வி. எத்தனை சாமான் இருந்தாலும் அதில் ஒன்று குறைவாகத்தான் கேள்விகள் வரும். கூடினால் எங்கேயோ ஒரே விஷயத்தை இரண்டு தரம் கேட்டிருக்கிறீர்கள்.

முதல் தடவை அவள் எழுதிய கேள்வி ‘பெரியதா, சின்னதா?’ அதை நான் அழிக்கச் சொன்னேன். இறால் குஞ்சும் உண்டு, கையளவு இறாலும் உண்டு. ‘ருசியா இல்லையா?’ என்பதும் அப்படித்தான். இன்னொருவர் வந்து பார்த்தாலும் அதே விடை வரக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும். கால் எத்தனை, ஓடு எத்தனை, மூடி உண்டா இல்லையா. எண்ணக்கூடியதும் தொட்டுப் பார்க்கக்கூடியதும் நல்லது.

திருக்கைப் பிரிவை வீட்டில் சரிபார்க்கலாம். சுறா வறை செய்யும்போது அம்மா அவித்த சுறாவை உதிர்ப்பாரே, கையில் என்ன வருகிறது? குத்துகிற முள் இல்லை. வளையக்கூடிய, பல்லால் கடித்தால் நொறுங்குகிற ஒன்று. அது கசியிழையம், உங்கள் காது மடலில் இருப்பது. சுறாவும் திருக்கையும் அந்த வகுப்பு. அறக்குளாவுக்கு உண்மையான என்பு. சாப்பிட்டுக்கொண்டே வகுப்புப் பிரிக்கலாம்.

கணவாயைத் துப்புரவாக்கும்போது முதுகுப் பக்கத்தில் விரலை விட்டு இழுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் தாள் மாதிரி ஒளி ஊடுருவும் ஒரு மெல்லிய தகடு வந்தால் அது ஒரு வகை. வெள்ளையாக, சோக்கட்டி மாதிரித் தடித்த ஓடு வந்தால் இன்னொரு வகை. அந்த வெள்ளை ஓடுதான் நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கப்படுவது. இரண்டையும் நாங்கள் கணவாய் என்றுதான் கூப்பிடுகிறோம். நத்தை வெளியே சுமப்பதை இது உள்ளே சுமக்கிறது என்று சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். கணவாய்க்கு மூன்று இருதயம் என்றும், அதன் குருதியில் இரும்புக்குப் பதில் செம்பு இருப்பதால் நீலமாகத் தெரியும் என்றும் சொன்னால் அன்று கறி சாப்பிட மாட்டார்கள். அதை அடுத்த நாள் சொல்லுங்கள்.

நண்டைத் திருப்பிப் போட்டு மடிந்த வாலைப் பாருங்கள். ஒடுங்கிய முக்கோணம் என்றால் ஆண், அகன்ற வட்டம் என்றால் பெண். சினை நண்டு கேட்டு வாங்குகிற மாமிமாருக்கு இது எந்தப் புத்தகமும் படிக்காமல் தெரியும்.

நிறம் ஏமாற்றும்

பாகுபாட்டில் பிள்ளைகள் முதலில் பிடிப்பது நிறத்தை. முதலில் கைவிட வேண்டியதும் அதைத்தான்.

எங்கள் மதிலில் வெயில் காய்கிற ஓணான் காலையில் மண்ணிறம், பத்து மணிக்குத் தொண்டை சிவப்பு. அதைப் பார்த்து “பச்சோந்தி” என்கிறார்கள். உண்மையான பச்சோந்தி இந்த நாட்டில் உலர் வலயத்தில் இருக்கிறது, கொழும்பு மதிலில் இல்லை. அதற்கு நாக்கு உடல் நீளத்துக்கு வெளியே பாயும், கண்கள் இரண்டும் தனித்தனியே சுழலும், கால் விரல்கள் குறடு மாதிரி இரண்டு பக்கமாகப் பிரிந்திருக்கும். எங்கள் மதில்காரருக்கு இது ஒன்றும் கிடையாது.

கொழும்புத் தோட்டங்களில் ஓணான் இரண்டு வகை சாதாரணமாகக் கிடைக்கும். ஒன்று மண்ணிறம், மற்றது நல்ல பச்சை, முதுகில் வெள்ளைப் பட்டிகள். ஆனால் பச்சைக்காரரும் பயந்தால் மங்கிவிடுவார். இனம் பெருக்கும் காலத்தில் இரண்டின் ஆணுக்கும் தலை சிவக்கும். நிறத்தை நம்பினால் ஒரே ஓணானை இரண்டு இனமாக எழுதிவிடுவீர்கள். பார்க்க வேண்டிய இடம் காதுக்கு மேலே. தனித்தனியாக இரண்டு சின்ன முள் நின்றால் மண்ணிற ஓணான். வரிசையாக ஒரு கூட்டம் முள் நின்றால் பச்சை ஓணான். கிட்டப் போனால் ஓடிவிடும், போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். போன் இந்த வேலைக்கு நல்லது.

வெள்ளவத்தைக் கால்வாயில் மிதக்கும் கபரகொயாவுக்கும் உடும்புக்கும் இதே முறைதான். மூக்குத் துவாரம் மூஞ்சியின் நுனிக்குக் கிட்ட இருந்தால் கபரகொயா. நுனியிலிருந்து விலகி, கண்ணை நோக்கிச் சாய்ந்த பிளவாக இருந்தால் உடும்பு. பாலத்தில் நின்று பாருங்கள், இறங்கிப் போய் மூக்கைத் தேட வேண்டாம்.

செடிகளில் வருகிற ஏமாற்று வேறு மாதிரி. ‘வாழை மரம்’ என்கிறோம், வெட்டினால் உள்ளே மரமே இல்லை, இலை மடல்கள் ஒன்றுக்குள் ஒன்று. காளானைப் பல காலம் செடிகளோடு சேர்த்து வைத்திருந்தார்கள். 1969இல் விட்டேக்கர் என்ற அமெரிக்கர் ஐந்து இராச்சியங்களாகப் பிரித்தபோது பங்கசுக்குத் தனி வீடு கிடைத்தது. 1990இல் கார்ல் வோஸ் என்பவரும் கூட்டாளிகளும் அதற்கும் மேலே மூன்று பேரிராச்சியங்களை வைத்தார்கள்: பற்றீரியா, ஆக்கியா, யூக்கரியா. வெளித் தோற்றத்தைப் பார்த்து அல்ல, கலத்துக்குள் இருக்கும் ஒரு வகை ஆர்.என்.ஏ.யை ஒப்பிட்டுச் செய்த வேலை. அது எங்கள் கைவில்லைக்கு எட்டாது, விடுங்கள். தென்னை மரத்தில் ஒட்டியிருக்கும் சாம்பல் திட்டைப் பாருங்கள். அது இலைக்கன், பங்கசும் அல்காவும் சேர்ந்து நடத்தும் குடும்பம். பெயரை மட்டும் பங்கசு எடுத்துக்கொள்கிறது.

ஏழு படி

இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம். தமிழ்நாட்டுப் புத்தகம் எடுத்தால் கடைசி இரண்டும் பேரினம், சிற்றினம் என்று இருக்கும். இங்கே படிக்கிற பிள்ளை இணையத்தில் தேடும்போது இதைத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ‘இனம்’ என்ற சொல்லிலேயே வழி தவறும்.

மனப்பாடம் செய்ய வேண்டாம். எங்கள் மின்கம்பியில் உட்கார்ந்திருப்பவர்களை எடுத்து, யார் எந்தப் படியில் பிரிகிறார்கள் என்று பாருங்கள். சாம்பல் கழுத்துக் காகம், அண்டங்காகம், மைனா, புறா, அணில். ஐந்துக்கும் இராச்சியம் ஒன்று, கணமும் ஒன்று: முள்ளந்தண்டுக்காரர் சேரும் கோடேற்றா. வகுப்பில் அணில் இறங்கிவிடுகிறது, அது முலையூட்டி. வருணத்தில் புறா போய்விடுகிறது. குடும்பத்தில் மைனா போகிறது. இரண்டு காகங்களும் சாதி வரை ஒன்றாக வந்து, கடைசிப் படியில் பிரிகின்றன. கீழே போகப் போக ஆட்கள் குறைவார்கள், ஒற்றுமை கூடும். இந்த ஒரு கம்பியைக் கீறிக் காட்டினால் பரீட்சையில் வேறு ஒன்றும் கேட்கத் தேவையில்லை, என் அபிப்பிராயம்.

இனி பெயர்

என் மகள் சிறுமியாக இருந்தபோது நடந்தது. போயாவுக்கு முதல்நாள் மேல்மாடிச் சிங்கள அம்மா, கொஞ்சம் அரலிய மலர் பறித்துத் தரச் சொன்னார். இவள் ஓடிப்போய் செவ்வலரி பறித்துக்கொண்டு வந்து நின்றாள். அவர் கேட்டது விகாரையில் வைக்கிற, ஐந்து இதழ் வெள்ளைப் பூ. சிங்களத்தில் அரலிய, தமிழில் அலரி, காதுக்கு ஒன்று. செடி வேறு. கொள்ளுப்பிட்டியில் பிரதமரின் இல்லம் சிங்களத்தில் அந்த வெள்ளைப் பூ மரத்தின் பெயரால் இருக்கிறது, தமிழில் நாங்கள் அதை அலரி மாளிகை என்கிறோம். தமிழ்நாட்டில் அதே வெள்ளைப் பூவுக்கு ஈழத்தலரி என்று ஒரு பெயர் உண்டு. மரம் என்னவோ அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்தது!

இதில் விளையாட்டு இல்லாத பகுதியும் இருக்கிறது. செவ்வலரியும் மஞ்சள் அலரியும் இருதயத்தைத் தாக்கும் நஞ்சு. பிள்ளைகள் வாயில் வைக்கக்கூடாது, பறித்தால் கை கழுவ வேண்டும். ஒரே சொல் பல செடிக்கு ஓடினால் வைத்தியர் எதை நம்பி மருந்து கொடுப்பது?

இரண்டு சொற் பெயர் இதற்குத்தான். விகாரையில் வைக்கிற அந்த வெள்ளைப் பூ புளுமேரியா சாதி, செவ்வலரி நீரியம் ஒலியாண்டர், மஞ்சள் அலரி கஸ்கபேலா தெவேசியா. மூன்றும் ஒரே குடும்பம், சாதி வேறு வேறு. டோக்கியோவில் கேட்டாலும் யாழ்ப்பாணத்தில் கேட்டாலும் அதே.

சுவீடன்காரர் லின்னேயஸ் 1753இல் செடிகளுக்கும் 1758இல் விலங்குகளுக்கும் இந்த முறையை முழுக்கப் பயன்படுத்தினார். அதற்கு முன்பு ஒரு செடியின் பெயர் இலத்தீனில் ஒரு முழு வசனமாக நீளும். அவர் இலங்கைக்கு வந்ததே இல்லை. ஆனால் கொழும்பில் ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவராக இருந்த பவுல் ஹெர்மன் 1670களில் இங்கே சேர்த்து உலர்த்திய செடிகள் எழுபது வருடத்துக்குப் பிறகு லின்னேயஸின் மேசைக்குப் போயின. அவற்றை வைத்து 1747இல் இலங்கைச் செடிகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அந்த உலர்ந்த செடிகள் இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முந்நூற்றைம்பது வருடப் பழைய மாதிரிகள்! என் அலுமாரித் தவளையை நினைத்துப் பொறாமைப்பட்டேன்.

எழுதும் விதி கொஞ்சம்தான். உரோமன் எழுத்தில் எழுதும்போது சாதிப் பெயரின் முதல் எழுத்து பெரியது, இனச் சொல் முழுக்கச் சின்ன எழுத்து, அது ஊர்ப் பெயராக இருந்தாலும். அச்சில் சாய்வெழுத்து. கையால் எழுதினால் இரண்டு சொல்லுக்கும் தனித்தனியே கீழ்க்கோடு, ஒரே கோடாக இழுத்தால் புள்ளி போகும். இனச் சொல்லைத் தனியே எழுதக்கூடாது. ‘ஸ்பிளெண்டென்ஸ்’ என்றால் யார்? கோர்வஸ் ஸ்பிளெண்டென்ஸ் என்றால்தான் எங்கள் சாம்பல் கழுத்துக் காகம். அதன் பொருள் ஜொலிக்கிற காகம். குப்பை வாளியைக் கவிழ்க்கிற நேரம் அப்படித் தோன்றாது.

விலங்குகளில் சாதிச் சொல்லையே இனச் சொல்லாகவும் வைக்கலாம். பச்சை ஓணான் கலோட்டஸ் கலோட்டஸ், நாகம் நாஜா நாஜா. செடிகளுக்கு இது தடை.

பொருளைத் தேடிப் பாருங்கள், பெயர் தானாக மனதில் நிற்கும். அணிலின் சாதிப் பெயர் புனம்புலஸ், கயிற்றில் நடப்பவன் என்று அர்த்தம். மின்கம்பியில் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. தொட்டாச்சிணுங்கி மிமோசா பூடிகா, வெட்கப்படுகிறவள். முருங்கை மொரிங்கா ஒலீபெரா. மொரிங்கா எங்கள் முருங்கையேதான், இலத்தீன் சட்டை போட்டிருக்கிறது. மாமரம் மாங்கிபெரா, மாங்காயைத் தருவது.

ஒரு செடிக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் வைத்தால் முந்தியதுதான் செல்லும். இதற்குக் கறுவாவை விட நல்ல உதாரணம் இல்லை, அதுவும் கறுவாத்தோட்டம் இருக்கிற ஊரில். சின்னமோமம் சைலானிக்கம், அதாவது இலங்கைக் கறுவா என்று பலரும் எழுதி வந்தார்கள், இன்றும் சில பொதிகளில் காணலாம். அந்தப் பெயர் 1826இல் வந்தது. சின்னமோமம் வேரம், அதாவது உண்மையான கறுவா, 1825இல் வந்துவிட்டது. ஒரு வருடத்தில் நாட்டின் பெயர் போயிற்று. எனக்கு இன்னமும் கொஞ்சம் ஆத்திரம்தான், ஆனால் விதி விதிதான்.

லேபல்

பெயர் கண்டுபிடித்தால் வேலை முடியவில்லை. எழுதி வைக்காத மாதிரி குப்பை. திகதி, இடம், எதன்மேல் இருந்தது, பார்த்தவர், எந்த அடையாளத்தை வைத்து முடிவு செய்தீர்கள், இவ்வளவும் வேண்டும். ‘கொழும்பு’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘மரைன் டிரைவ், கடல் பக்க மதில், நிலத்திலிருந்து முழங்கால் உயரம்’ என்று எழுதினால் அடுத்த மாதம் திரும்பப் போய்ப் பார்க்கலாம்.

பென்சில் ஏன் என்றால், நான் ஒரு தடவை பதினான்கு போத்தலுக்குக் குமிழ்முனைப் பேனாவால் அழகாக எழுதி உள்ளே போட்டேன். ஸ்பிரிட்டில் மை கரைந்து, ஒரு கிழமையில் பதினான்கும் வெள்ளைக் கடுதாசி, தண்ணீர் மட்டும் இளநீலம். மேற்பார்வைக்கு ஆட்கள் வருகிற நாள் வேறு. அவசரத்தில் ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதினேன். இரண்டு மாதம் கழித்து ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை கையை உயர்த்தி, “அண்ணை, இந்தச் சிலந்திக்கு ஆறு கால்தானே இருக்கு?” என்றாள். அது வண்டு. பென்சில் கரி ஸ்பிரிட்டில் கரையாது. தடித்த கடுதாசியில் பென்சிலால் எழுதி, போத்தலுக்குள்ளேயே போட வேண்டும். வெளியே ஒட்டினால் கரப்பான் தின்னும்.

வீட்டுப் பிள்ளைகள் போத்தலில் எதையும் பிடித்துப் போடத் தேவையில்லை. வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக்கு 1937ஆம் ஆண்டிலிருந்தே இங்கே கட்டளைச் சட்டம் இருக்கிறது. உதிர்ந்த இலை, இறகு, வெறும் சிப்பி, ஒரு படம் போதும்.

போனில் படம் காட்டினால் பெயர் சொல்லும் செயலிகள் இப்போது வந்துவிட்டன. பேத்தி காட்டினாள், நல்லாகத்தான் வேலை செய்கின்றன. சாதி வரை பெரும்பாலும் கிட்ட வரும், இனத்தில் தடுமாறும். செயலி சொன்ன பெயரை எடுத்துக்கொண்டு, அதற்குரிய அடையாளம் உங்கள் படத்தில் தெரிகிறதா என்று தேடுங்கள். தெரியாவிட்டால் சாதிப் பெயரோடு நிறுத்தி, பக்கத்தில் ‘எஸ்.பி.’ என்று போடுங்கள். இனம் இன்னும் முடிவாகவில்லை என்று அதற்குப் பொருள். பெரிய விஞ்ஞானிகளும் அப்படித்தான் எழுதுகிறார்கள், அதில் வெட்கமில்லை.

போன சனிக்கிழமை அவள் கொப்பியில் கடைசி வரி: “கலோட்டஸ் எஸ்.பி. மூன்றாம் வீட்டு மதில், செவ்வரத்தைக்கு மேலே. காதுக்கு மேலே முள் எண்ண முடியவில்லை, திரும்பவில்லை. நாளைக்குப் பார்க்க வேண்டும்.”